எல்லாருமே 'ஆம்' என்றால் யாருக்கு ஓட்டுப் போடுவது?

2024 மே மாதக் கடைசியில் கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியரான தம்பி ஒருவர் ஜெர்மனியிலிருந்து ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்து, குடியுரிமையும் வாங்கிவிட்டவர். ஜூன் 9-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல், அவருக்கு அங்கே முதல் ஓட்டு. கோப்பில் இருந்தது ஒரு கேள்விப் பட்டியலும் அதற்குக் கட்சிகள் எழுதிய பதில்களும். இஸ்ரேல், காசா, யூத வெறுப்பு இவை பற்றித்தான் எல்லாக் கேள்விகளும். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "அண்ணா, இதுல எல்லாருமே நல்லவங்களா இருக்காங்களே. நான் யாருக்குப் போடுறது?"

அந்த ஒரு வரி என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. அதற்கப்புறம் இந்த மாதிரிப் பட்டியல்களைத் தேடித் தேடிப் படித்தேன். இஸ்ரேலுக்கு ஆதரவானவர்கள் அனுப்பியவை, பாலஸ்தீனத்துக்கு ஆதரவானவர்கள் அனுப்பியவை, இரண்டிலும் சேராதவர்கள் அனுப்பியவை என்று மூன்று ரகமும் உண்டு. யார் அனுப்பினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. கேள்வி கேட்கும் விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது, மூன்று ரகத்திலும் அதே கோளாறுதான். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஜெர்மன்காரர்கள் இந்தப் பட்டியலுக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'தேர்தல் உரைகல்'. நல்ல பெயர். தட்டான் நகையை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். தங்கம் ஒரு கோடு போடும், பித்தளை வேறு கோடு போடும். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் விவசாயிகள் சங்கத்திலிருந்து மிருகவதைத் தடுப்பு அமைப்பு வரை எல்லாரும் கட்சிகளுக்கு இப்படிக் கேள்வி அனுப்புவார்கள். பதில்களை வெளியிட்டு, படிக்கிற வாக்காளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவார்கள். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தங்கம், பித்தளை, தகரம் எதைத் தேய்த்தாலும் ஒரே கோடு விழுந்தால் கல்லைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

முதல் கோளாறு: கேட்கிற இடம் தப்பு

பட்டியல்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "ஹெஸ்பொல்லாவை முழுமையாக பயங்கரவாதப் பட்டியலில் சேர்ப்பீர்களா?" பின்னணி தெரிந்தவர்களுக்கு நியாயமான கேள்விதான். 2012 ஜூலையில் பல்கேரியாவின் புர்காஸ் விமான நிலையத்தில் இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகளின் பேருந்தில் குண்டு வெடித்து, ஐந்து இஸ்ரேலியர்களும் பல்கேரிய ஓட்டுநரும் செத்தார்கள். அடுத்த வருஷம், 2013 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் ஹெஸ்பொல்லாவின் 'ராணுவப் பிரிவை' மட்டும் பட்டியலில் சேர்த்தது. அரசியல் பிரிவு வேறு, ராணுவப் பிரிவு வேறு என்று கோடு கிழித்தது சரியா என்ற விவாதம் அன்றிலிருந்து ஓடுகிறது. ஜெர்மனி 2020 ஏப்ரலில் தன் எல்லைக்குள் அந்த அமைப்பின் செயல்பாடு முழுவதையும் தடை செய்தது.

சிக்கல் என்னவென்றால், பட்டியலில் சேர்ப்பது ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வேலையே இல்லை. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம்தான் அதை முடிவு செய்யும், அதுவும் ஒருமனதாக. 27 நாடுகளில் ஒன்று தலையாட்டினாலும் நடக்காது. நாடாளுமன்றம் தீர்மானம் போடலாம். அதற்கு யாரையும் கட்டாயப்படுத்தும் சக்தி கிடையாது. ஆக, தன் கையில் இல்லாத ஒன்றுக்கு வேட்பாளர் 'ஆம்' என்கிறார். அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம்ம ஊர் கவுன்சிலரிடம் "ரூபாய் மதிப்பை ஏத்துவீங்களா?" என்று கேட்டால் அவர் ஏன் 'மாட்டேன்' என்று சொல்லப்போகிறார்?

இந்தப் பட்டியல் விவகாரத்தில் நமக்குப் பழக்கமான ஒரு வழக்கும் இருக்கிறது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பட்டியலில் சேர்த்தது. 2014 அக்டோபரில் லக்ஸம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தப் பட்டியலிடலை நடைமுறைக் குறைகளுக்காக ரத்து செய்தது. அதே வருஷம் டிசம்பரில் ஹமாஸ் வழக்கிலும் அப்படியே ஒரு தீர்ப்பு வந்தது. பத்திரிகைச் செய்திகளையும் இணையத்தில் கிடைத்ததையும் வைத்து முடிவெடுத்திருக்கிறீர்கள், உரிய அதிகாரம் உள்ள அமைப்பின் முடிவு எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. மேல்முறையீட்டில் இரண்டு வழக்குக்கும் ஒரே நாளில் தீர்ப்பு: 2017 ஜூலை 26. புலிகள் வழக்கில் ரத்து உறுதியானது. ஹமாஸ் வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பிப் போனது. நடைமுறையில் இரண்டு அமைப்பும் பட்டியலில் தொடர்ந்தன, ஏனென்றால் அமைச்சர்கள் மன்றம் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு இந்தத் தீர்ப்புகளைத் தமிழில் விவாதித்தவர்களில் பலர் 'ஐரோப்பா தன் நிலையை மாற்றிக்கொண்டது' என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் ஐரோப்பா என்று ஒற்றை ஆள் கிடையாது. அமைச்சர்கள் மன்றம் ஒன்று செய்யும், நீதிமன்றம் இன்னொன்று சொல்லும், ஆணையம் மூன்றாவதாக ஒன்று அறிவிக்கும். 2023 அக்டோபர் 9-ஆம் தேதி, ஹமாஸ் தாக்குதல் நடந்த இரண்டாம் நாள், ஆணையர் ஒலிவேர் வார்ஹெய் பாலஸ்தீனர்களுக்கான எல்லா நிதியும் நிறுத்தப்பட்டது என்று எக்ஸ் தளத்தில் அறிவித்தார். உறுப்பு நாடுகள் கொதித்தன. அன்று மாலைக்குள் 'நிறுத்தம்' என்பது 'மறுபரிசீலனை' என்று சுருங்கியது. பரிசீலித்துப் பார்த்ததில் நிதி ஹமாஸுக்குத் திருப்பிவிடப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நவம்பரில் ஆணையமே சொன்னது. இந்தக் குழப்பத்தில் யாரிடம் எதைக் கேட்கணும் என்று தெரியாமல் கேட்டால் பதிலும் குழப்பமாகத்தான் வரும்.

அப்படியானால் நாடாளுமன்றத்தின் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் பலவற்றுக்கு அதன் சம்மதம் வேண்டும். இஸ்ரேலிய மருந்துகளுக்கு ஐரோப்பியச் சந்தையில் வழியை எளிதாக்கும் ஓர் ஒப்பந்தம் அங்கே ரொம்ப காலம் இழுபட்டு, 2012 அக்டோபரில்தான் ஓட்டெடுப்பில் தேறியது. பட்ஜெட்டிலும் அதற்குப் பங்கு உண்டு. பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்புக்குப் போகும் பணம், பள்ளிப் பாடநூல்கள் பற்றிய நிபந்தனை, ஆராய்ச்சித் திட்டங்களில் இஸ்ரேலின் பங்கேற்பு, இவையெல்லாம் வேட்பாளர் நாளைக்கு நிஜமாகவே கை தூக்கப்போகும் விஷயங்கள். நான் படித்த பட்டியல்களில் இவை பற்றிய கேள்விகள்தான் குறைவு.

இரண்டாம் கோளாறு: ஆம், இல்லை, கருத்தில்லை

"காசாவில் போர்நிறுத்தத்தை ஆதரிக்கிறீர்களா?" 2024-இல் இதைக் கேட்காத பட்டியல் கிடையாது. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயக்கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். தேர்தல் நெருங்கிய 2024 ஜூனில் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் அங்கே இறந்தவர்கள் 36,000-ஐத் தாண்டியிருந்தார்கள். இந்த நிலைமையில் போர்நிறுத்தம் வேண்டுமா என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் இதே நாடாளுமன்றம் இதே விஷயத்தில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தது. 2023 அக்டோபர் 19-ஆம் தேதித் தீர்மானம் ஹமாஸைக் கண்டித்து, 'மனிதாபிமான இடைநிறுத்தம்' கேட்டது. ஆதரவு 500, எதிர்ப்பு 21, நடுநிலை 24. கிட்டத்தட்ட ஊரே ஒரு பக்கம். மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரி 18-ஆம் தேதித் தீர்மானம் நிரந்தரப் போர்நிறுத்தம் கேட்டது, இரண்டு நிபந்தனைகளோடு: பணயக்கைதிகள் எல்லாரும் விடுவிக்கப்பட வேண்டும், ஹமாஸ் கலைக்கப்பட வேண்டும். ஆதரவு 312, எதிர்ப்பு 131, நடுநிலை 72. இந்த நிபந்தனைகள் வலதுசாரிகள் கொண்டுவந்த திருத்தத்தால் நுழைந்தவை. போர்நிறுத்தத்தை முதலில் கேட்டவர்களிலேயே சிலருக்கு அந்த வரியை விழுங்க முடியவில்லை.

ஆக, 'ஆம், போர்நிறுத்தம் வேண்டும்' என்று எழுதிய இரண்டு வேட்பாளர்கள் அன்று அவையில் உட்கார்ந்திருந்தால் எதிரெதிராக ஓட்டுப் போட்டிருக்கலாம். கேள்வித்தாள் இந்த வித்தியாசத்தைத் துடைத்துவிடுகிறது. யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற பெயர்ப் பதிவு பொதுவெளியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருந்து மறுபடி நிற்பவரிடம் 'என்ன செய்வீர்கள்' என்று கேட்பதைவிட 'ஜனவரி 18 அன்று ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்று கேட்பது எவ்வளவோ மேல்.

மூன்றாம் கோளாறு: வரையறையே தேர்ச்சி மதிப்பெண்

அடுத்த வழக்கமான கேள்வி: "ஐ.எச்.ஆர்.ஏ. வரையறையை ஏற்கிறீர்களா?" சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016 மே மாதம் புகாரெஸ்டில் ஏற்றுக்கொண்ட, யூத வெறுப்புக்கான செயல்பாட்டு வரையறை அது. மைய வரையறை இரண்டே வாக்கியம். கூடவே 11 உதாரணங்கள், அவற்றில் 7 இஸ்ரேலைத் தொட்டுப் பேசுகின்றன. சண்டை முழுக்க அந்த ஏழில்தான். 2017 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதை ஏற்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2018 டிசம்பரில் அமைச்சர்கள் மன்றமும் காவல்துறைப் பயிற்சி, கல்வி போன்றவற்றுக்கு வழிகாட்டியாகப் பயன்படுத்தச் சொன்னது.

இதை ஏற்பதா வேண்டாமா என்பதற்கு இரண்டு பக்கமும் கனமான வாதங்கள் உண்டு. மற்ற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்றும், சட்டப்படி கட்டுப்படுத்துவதல்ல என்றும் அந்த ஆவணமே சொல்கிறது. இன்னொரு பக்கம், மூல வரைவை எழுதியதில் முக்கியப் பங்காற்றிய கென்னத் ஸ்டெர்ன், தரவு சேகரிக்க உருவாக்கியதை எடுத்து பல்கலைக்கழகங்களில் பேச்சைக் கட்டுப்படுத்தும் விதியாக்குகிறார்கள் என்று பல வருஷமாகக் கண்டித்துவருகிறார். 2021 மார்ச்சில் யூத வரலாறு, ஹோலோகாஸ்ட், மத்தியக் கிழக்கு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஜெருசலேம் பிரகடனம் என்ற மாற்று வரையறையை வெளியிட்டார்கள்.

இப்போது கேள்வித்தாளுக்கு வருவோம். வேட்பாளர் 'ஏற்கிறேன்' என்று எழுதினால் நமக்கு என்ன தெரிகிறது? போலீஸ்காரருக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்துவாரா, ஒரு திரைப்பட விழாவுக்கு மானியத்தை நிறுத்தப் பயன்படுத்துவாரா? இரண்டும் ஒன்றா? 'ஏற்கவில்லை' என்று எழுதினால், கருத்துச் சுதந்திரத்துக்காகவா, அல்லது தன் கட்சிக்காரர் பேசியது அந்த உதாரணங்களில் மாட்டிக்கொள்ளும் என்பதாலா? பதில் இரண்டு எழுத்தாக இருக்கிறவரை தெரியாது. ஆவணம் படிக்கப்படுவதே இல்லை. கையெழுத்து மட்டும் எண்ணப்படுகிறது.

நான்காம் கோளாறு, எனக்கு இதுதான் பெரிசு

பட்டியல்களில் இஸ்ரேலும் யூத வெறுப்பும் ஒரே தலைப்பின் கீழே வருகின்றன. முதல் ஐந்து கேள்வி இஸ்ரேல், அடுத்த மூன்று யூத வெறுப்பு, கடைசியில் கூட்டிப்போட்டு ஒரு மதிப்பெண். இதனால் என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு உதாரணம், இரண்டு பக்கத்திலிருந்தும்.

ஹங்கேரியில் ஓர்பான் அரசு. இஸ்ரேலைக் குறைசொல்லும் ஐரோப்பிய அறிக்கைகளைத் திரும்பத் திரும்பத் தடுத்தது. 2021 மே மாதம் காசா சண்டையின்போது 26 நாடுகள் போர்நிறுத்த அழைப்பில் சேர, ஹங்கேரி மட்டும் சேரவில்லை. இஸ்ரேல் ஆதரவுக் கேள்வித்தாளில் நூற்றுக்கு நூறு. இதே அரசு 2017 கோடையில் நாடு முழுக்க ஜார்ஜ் சோரோஸின் சிரித்த முகத்தைப் போட்டு சுவரொட்டி ஒட்டியது. பணக்கார யூதர் ஒருவர் திரைக்குப் பின்னால் நாட்டை ஆட்டிவைக்கிறார் என்ற பழைய விஷக்கதையை அது கிளறுகிறது என்று ஹங்கேரிய யூதச் சமூகத்தின் கூட்டமைப்பு கேட்டுக்கொண்டது, நிறுத்துங்கள் என்று. புடாபெஸ்டில் இருந்த இஸ்ரேல் தூதரும் கேட்டார். உடனே இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகம் 'சோரோஸை விமர்சிப்பதை நாங்கள் குறைசொல்லவில்லை' என்று விளக்கம் விட்டது. அந்த மாதமே நெதன்யாகு புடாபெஸ்டுக்குப் போனார். 2019 ஐரோப்பியத் தேர்தலுக்கு முன்பு, இந்த முறை சோரோஸோடு ஆணையத் தலைவர் யுங்கரையும் சேர்த்து, மறுபடி சுவரொட்டி.

மறுபக்கம் பிரான்ஸ். காசா விஷயத்தில் மிகக் கடுமையாகப் பேசிய இடதுசாரிக் கட்சியின் தலைவர் மெலான்ஷோன், 2024 தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, பிரான்சில் யூத வெறுப்பு மிச்சசொச்சமாகத்தான் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பதிவான யூத வெறுப்புச் சம்பவங்கள் அந்த நாட்டில் 2022-இல் 436 ஆக இருந்து 2023-இல் 1,676 ஆக ஏறியிருந்த நேரம் அது. துலூஸில் யூதப் பள்ளி வாசலில் மூன்று பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் சுடப்பட்டது 2012-இல், பாரீஸில் கோஷர் கடையில் நான்கு பேர் கொல்லப்பட்டது 2015-இல். இதெல்லாம் நடந்த நாட்டில் 'மிச்சசொச்சம்' என்ற சொல் எப்படிக் காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். காசாவில் சாகிறவர்களுக்காக அவர் பேசியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் ஏன் ஒரே மதிப்பெண் என்றுதான் கேட்கிறேன்.

முதல் உதாரணத்தில் இஸ்ரேலுக்கு நண்பன் என்ற சான்றிதழைக் காட்டி உள்ளூர் யூதர்களின் முறையீட்டை ஒதுக்க முடிகிறது. இரண்டாவதில் பாலஸ்தீனத்துக்கு நண்பன் என்ற சான்றிதழை வைத்து அதையே செய்ய முடிகிறது. இரண்டிலும் நஷ்டப்படுவது அதே ஆட்கள்: பாரீஸிலோ புடாபெஸ்டிலோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற யூதக் குடும்பம்.

கேட்கப்படாத கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2018-இல் 12 நாடுகளில் சுமார் 16,400 யூதர்களிடம் கருத்துக் கேட்டது. முந்தைய ஐந்து வருஷத்தில் தங்கள் நாட்டில் யூத வெறுப்பு கூடிவிட்டது என்றவர்கள் 89 விழுக்காடு. பாதுகாப்பில்லை என்று நாட்டை விட்டுப் போக யோசித்தவர்கள் 38 விழுக்காடு. மிக முக்கியமான புள்ளிவிவரம் என்று நான் நினைப்பது வேறு: தொல்லைக்கு ஆளானவர்களில் 79 விழுக்காட்டினர் தங்களுக்கு நேர்ந்ததில் மோசமானதைக்கூட எங்கேயும் புகார் செய்யவில்லை. 2024 ஜூலையில் அடுத்த ஆய்வு வெளிவந்தது. கேள்விகள் கேட்கப்பட்டது 2023-இன் முதல் பாதியில், அதாவது அக்டோபர் 7-க்கு முன்பே. அதில் 76 விழுக்காட்டினர் அவ்வப்போதாவது தங்கள் யூத அடையாளத்தை மறைக்கிறோம் என்றார்கள்.

இந்த எண்களுக்கும் ஹெஸ்பொல்லாப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்? கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு மெட்ரோவில் ஏறும் ஒரு பெண்ணின் பிரச்சினை லெபனானில் தொடங்கவில்லை. 2019 அக்டோபரில், யோம் கிப்பூர் அன்று, ஜெர்மனியின் ஹாலே நகரில் தீவிர வலதுசாரி ஒருவன் துப்பாக்கியோடு யூதக் கோயிலுக்கு வந்தான். கனமான கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இரண்டு பேர் செத்தார்கள். வாசலில் போலீஸ் காவல் இல்லை.

இன்னொன்று, சாப்பாடு. ஹலால் நமக்குப் பழக்கமானது. யூத முறைப்படி அறுப்பதையும் கிட்டத்தட்ட அதே போல, மிருகத்தை மயக்காமல் செய்ய வேண்டும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ், வலோனியா இரண்டு பகுதிகளும் 2019-இல் அதைத் தடை செய்தன. 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அப்படிச் செய்ய உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு என்றது. 2024 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமும் தடையை ஏற்றது. மிருக நலனா மத உரிமையா என்பதில் நேர்மையான இரண்டு பக்கம் இருக்கிறது. ஆனால் அங்கேயே வாழும் யூதர்களையும் முஸ்லிம்களையும் நேரடியாகத் தொடும் விஷயம் இது. வேட்பாளருக்கு இங்கே சுலபமான பதில் கிடையாது. உரைகல்லில் தேய்க்க வேண்டியது இப்படிப்பட்ட கேள்வியைத்தான்.

ஒரு மறுப்பும் என் திருத்தமும்

இவ்வளவும் எழுதிவிட்டு எதிர்த்தரப்பைக் கேட்காமல் இருக்கக் கூடாது. கேள்வி அனுப்புகிறவர்களும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. 'பதில் எங்களுக்கு முக்கியமில்லை, எழுத்தில் வாங்கி வைத்தால் நாளைக்குக் காட்டலாம்' என்பார்கள். இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன். 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் யூதர்களின் பிரதிநிதிகள் சபை, தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டவர்கள் முன் பத்து உறுதிமொழிகளை வைத்தது. கீர் ஸ்டார்மர் கையெழுத்திட்டார். ஏப்ரலில் ஜெயித்தவுடன் கட்சியின் சார்பில் யூதச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டார். அந்த உறுதிமொழிகளில் சில சர்ச்சைக்குரியவை. கட்சி யாரோடு பேச வேண்டும் என்பதைக்கூட ஓர் அமைப்பு வரையறுக்கலாமா என்று அப்போதே கேட்டார்கள். இருந்தாலும் அந்தப் பட்டியலுக்கு வேலை நடந்தது. காரணம், அதில் கேட்டவை பெரும்பாலும் ஒரு கட்சித் தலைவர் தன் கையாலேயே செய்யக்கூடியவை: புகார்களை முடிப்பது, வெளியேற்றப்பட்டவர்களை மறுபடி சேர்க்காமல் இருப்பது, விசாரணையைச் சுதந்திரமானவர்களிடம் கொடுப்பது. மேலே சொன்ன முதல் கோளாறு அதில் குறைவு.

நான் மாற்றிக்கொண்ட கருத்தும் ஒன்று உண்டு. தம்பிக்கு அப்போது நான் சொன்னது: "இஸ்ரேல் கேள்வியையும் யூத வெறுப்புக் கேள்வியையும் தனித்தனித் தாளில் எழுதிடு, பிரச்சினை தீர்ந்தது." 2024 ஆய்வைப் படித்தபின் அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது என்று தோன்றியது. இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் தங்களைப் பொறுப்பாக்குகிறார்கள் என்று அதில் பெரும்பாலானோர் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் இரண்டும் வந்து முட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 2023 அக்டோபரில் பிரான்ஸ் உள்துறை அமைச்சர் பாலஸ்தீன ஆதரவு ஆர்ப்பாட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுக்கச் சொன்னபோது, அப்படி மொத்தத் தடை கூடாது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்கணும் என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பயத்தைக் காரணம் காட்டி இன்னொருவரின் வாயை அடைப்பதும் நடக்கிறது. ஆகவே பிரிப்பது போதாது. இரண்டும் முட்டும் இடத்தில் நின்று கேட்கணும்.

அப்போ எப்படிக் கேட்கலாம்?

என் பட்டியல் இது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

ஒன்று. 2024 ஜனவரி 18 தீர்மானத்தில் நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள், அல்லது போட்டிருப்பீர்கள்? நிபந்தனைத் திருத்தத்துக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டு. 2000-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பா-இஸ்ரேல் ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு மனித உரிமையை அடிப்படை நிபந்தனையாக வைக்கிறது. எந்த ஆதாரம் வந்தால் வர்த்தகச் சலுகையை நிறுத்துவீர்கள், எது நடந்தால் திரும்பக் கொடுப்பீர்கள்? அதே அளவுகோலை எகிப்துக்கும் அஜர்பைஜானுக்கும் வைப்பீர்களா? (இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. இலங்கைக்குக் கொடுத்திருந்த ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை மனித உரிமைக் காரணத்துக்காக 2010 ஆகஸ்டில் நிறுத்தி 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். அங்கே ஆணையமும் அமைச்சர்கள் மன்றமும் ஒத்துப்போயின. இஸ்ரேல் விஷயத்தில் 2025 செப்டம்பரில் ஆணையம் இதே மாதிரி முன்மொழிந்தபோது ஜெர்மனி, இத்தாலி போன்ற பெரிய நாடுகள் சேராமல் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை.)

மூன்று. நீங்கள் யூத வெறுப்பு என்று சொல்லும் ஒரு பேச்சையும், கடுமையாக இருந்தாலும் வெறும் அரசியல் விமர்சனம் என்று சொல்லும் ஒரு பேச்சையும் உதாரணம் கொடுங்கள். வரையறையின் பெயர் வேண்டாம்.

நான்கு. உங்கள் கட்சியிலோ கூட்டணியிலோ யூத வெறுப்பு வெளிப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஐந்து. புகார் கொடுக்காத 79 விழுக்காட்டினர் ஏன் கொடுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்? அதை மாற்ற உங்கள் கையில் என்ன இருக்கிறது?

ஆறு. காசாவில் குண்டு விழுந்த மறுநாள், உங்கள் ஊரில் ஒரு யூதப் பள்ளியும் இருக்கிறது, பாலஸ்தீனக் கொடியோடு ஓர் ஊர்வலமும் வருகிறது. அன்று காலை யாருக்கெல்லாம் போன் செய்வீர்கள்?

ஜெர்மனியில் கட்சிப் பட்டியலுக்குத்தான் ஓட்டு, தனி வேட்பாளருக்கு இல்லை. அதனால் அங்கே இவற்றைக் கட்சியிடம்தான் கேட்க முடியும். அயர்லாந்து மாதிரி ஆளைப் பார்த்து வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் நாட்டில் நேராக ஆளிடமே கேட்கலாம்.

இவற்றில் நாலாவது கேள்வியை மட்டும் 2024-லேயே தம்பியிடம் சொல்லியிருந்தேன். தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை கடைத்தெருவில் கட்சிகள் மேஜை போட்டுத் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் இடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். முதல் மேஜையில் இருந்தவர் "எங்க கட்சியில அப்படி யாரும் கிடையாது" என்று சொல்லி ஒரு பேனாவைக் கையில் கொடுத்தாராம். அடுத்த மேஜையில் ஒரு வயதான அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தங்கள் கிளையில் ஒருவர் என்ன பேசினார், அவரை வெளியே அனுப்பச் சொல்லி எத்தனை வாரம் சண்டை போட்டார்கள், பாதிப் பேர் ஏன் அவர் பக்கம் நின்றார்கள் என்று கால் மணி நேரம் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவரை வெளியேற்ற முடியவில்லையாம்.

"அந்தக் கட்சிக்குப் போட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் யோசிக்கிறேன் அண்ணா. ஆனா இப்பதான் யோசிக்க ஏதோ இருக்கு" என்றார். எந்தக் கட்சி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.